பொத்தானுக்குப் பின்னால் ஆரபி

ஆரபி இப்போது கனகசபாபதி மாமாவாக இருக்கிறாள். தலையைப் பின்னுக்குச் சாய்த்து, திரை வெடித்த பழைய போன் ஒன்றை முகத்திலிருந்து ஒரு முழம் தள்ளிப் பிடித்து, சுட்டுவிரலால் பொத்தானை அழுத்துகிறாள். ஒன்றும் நடக்கவில்லை போலிருக்கிறதே என்று முகத்தைச் சுளித்து இன்னொரு தரம் அழுத்துகிறாள். பிறகு போன் கையிலிருந்து விழுந்துவிடுமோ என்று நான் பயப்படும் அளவுக்கு அழுத்துகிறாள். "மாமாவுக்கு இறுக்கி அமத்தினாத்தான் கெதியாப் போகும்," என்று எனக்கு விளக்கம் சொல்லிவிட்டு மேசையிலிருக்கும் கணினியை எட்டிப் பார்க்கிறாள். இத்தனை அழுத்தலுக்கும் ஒரேயொரு விண்ணப்பம்தான் அங்கே வந்து கிடக்கிறது. முதல் அழுத்தலோடு பொத்தான் பூட்டிக்கொள்ளும்படி செய்து வைத்திருக்கிறாளாம். அவளுடைய முகத்தில் அப்படியொரு திருப்தி.

அடுத்தது யோசபின் ரீச்சர். ரீச்சர் அழுத்திய கையோடு முந்திய பக்கத்துக்குத் திரும்பிப் போய், பெயரைச் சரியாக எழுதினாரா என்று பார்ப்பாராம். அதற்குள் அனுப்பியது பாதிவழியில் நின்றுவிடக் கூடாது. ரீச்சரைப் போலவே உதட்டைக் கடித்துக்கொண்டு ஆரபி அதையும் செய்து பார்க்கிறாள். இவர்களெல்லாரும் அவளுக்கு என்றோ ஒரு நாளில் எதிரே இருந்து போனை அழுத்திய மனிதர்கள். ஒருவர் ஒரு பொத்தானை எப்படி அழுத்துகிறார் என்பதை ஒருமுறை பார்த்தால் போதும், அது அவளுக்கு மறக்காது. பெயர் மறந்துவிடும், முகம் மறந்துவிடும், விரல் மறக்காது.

என் பெயரிலும் ஓர் அழுத்தல் உண்டு. வைத்த விரலை எடுக்காத அழுத்தல். "அக்காக்கு அது கோலிங் பெல். ஆக்கள் வந்து கதவு திறக்குமட்டும் விடமாட்டியள்," என்றாள். எனக்குக் கோபம் வந்தது. வீட்டுக்குப் போய் என் கையைக் கவனித்துப் பார்த்தேன். அவள் சொன்னது சரிதான். அதில் இன்னும் கோபம் வந்தது.

ஆரபிக்கு முப்பது கடந்துவிட்டது. கொக்குவிலில் எங்கள் மதிலுக்கு அடுத்த மதில் அவளுடையது. இரண்டு வீட்டு முற்றத்துக்கும் ஒரே ரயில் சத்தம். பிறந்தது அளவெட்டியில், தவில்காரர் வீட்டில். திருவிழாக் காலத்தில் கோயில் வீதியிலேயே உண்டு உறங்கி வளர்ந்தும் கையில் தாளம் நிற்கவில்லை என்று தானே சொல்லிச் சிரிப்பாள். நான் அவளைப் 'பிள்ளை' என்று கூப்பிடுகிறவள். ஆகவே இங்கும் 'அவர்' போடப் போவதில்லை. போட்டால் அவளே பத்திரிகையைத் தூக்கிக்கொண்டு சண்டைக்கு வருவாள்.

தொழில், இணையத்தளம் கட்டுவது. முன்னறையில் ஒரு மேசை, ஒரு கணினி, சனங்கள் வேண்டாமென்று தூக்கிப் போட்ட போன்கள் நிறைந்த ஒரு பிஸ்கற் பெட்டி, இவ்வளவும்தான் கந்தோர். அந்தப் பெட்டிக்கு அவள் காட்டும் மரியாதை அலமாரியிலிருக்கும் நகைக்குக் கிடையாது. புதுப்போனில் எல்லாம் ஓடும், அதில் பார்த்து என்ன பிரயோசனம் என்பது அவளுடைய கட்சி. இணையத்தளத்தில் அவளுக்குப் பிடித்த பகுதி படம், நிறம், அலங்காரம் எதுவுமில்லை. படிவம்தான். பெயர், ஊர், தொலைபேசி இலக்கம், கீழே ஒரு பொத்தான் என்று நாமெல்லாம் அலுப்போடு நிரப்புகிற அந்தப் பெட்டிகள். ஏன் பிள்ளை, இதில் என்ன இருக்கிறது என்று கேட்டேன். "மிச்ச இடமெல்லாம் நாங்கள் கதைக்கிறது அக்கா. படிவத்திலைதான் சனம் எங்களோடை கதைக்குது," என்றாள்.

ஜாவாஸ்கிரிப்ட் என்ற சொல் எனக்குப் பல ஆண்டுகளாக ஏதோ மாத்திரையின் பெயர் போலவே கேட்டுவந்தது. ஆரபிதான் அதை எனக்கு வழிக்குக் கொண்டுவந்தாள். முன்பெல்லாம் பொத்தானை அழுத்தினால் பக்கம் முழுவதும் மறைந்து, திரை வெள்ளையாகி, எங்கோ போய் எல்லாம் திரும்பி வரும். இணைப்பு அறுந்தால் எழுதியதும் போச்சு. இப்போது பக்கம் இருந்த இடத்திலேயே இருக்கிறது. நாம் எழுதியதை மட்டும் ஜாவாஸ்கிரிப்ட் பின்னணியில் கொண்டுபோய்க் கொடுக்கிறது. "முந்தி ஒரு கடிதம் போட வீட்டுக்காரனே வீட்டைப் பூட்டிப்போட்டு தபால் கந்தோருக்குப் போகவேணும். இப்ப வீட்டுக்காரன் கதிரையிலை இருக்கிறான். பின்கதவாலை ஒராள் கொண்டு ஓடுது." அந்த ஓடுகிற ஆளைப் பற்றி அவளுக்கு ஒரு சட்டம் இருந்தது. ஓடினவன் திரும்பி வந்து, கொடுத்துவிட்டேன் என்று சொல்லும்வரை வீட்டுக்காரனுக்குத் திரையில் நன்றி காட்டக் கூடாது. இந்தச் சட்டத்தை அவள் ஒரேயொரு தடவை மீறினாள். அந்தக் கதைக்கு வருகிறேன்.

அதற்கு முன் அவளுடைய கிறுக்குகளில் ஒன்றைச் சொல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. செய்த படிவம் வேலை செய்கிறதா என்று பார்க்க எல்லாரும் ஏதாவது எழுத்தைத் தட்டி அனுப்புவார்கள். ஆரபி ஆளையே உண்டாக்குவாள். தம்பிஐயா, மட்டுவில், முழங்கால் நோ, மருமகளோடு கதை பேச்சில்லை. லூர்த்தம்மா, பருத்தித்துறை, காது கொஞ்சம் மந்தம், போன் எடுத்தால் சத்தமாகக் கதைக்கவும். இப்படிக் குறிப்பு வேறு. வேலை முடிந்ததும் இவர்களை அழிக்க வேண்டும். அழிக்கும்போது அவள் முகம் வாடுவதை நான் கண்டிருக்கிறேன். "பாவம் தம்பிஐயா. இன்னும் மருமகளோடை ராசியாகேல்லை," என்று ஒருநாள் பெருமூச்சு விட்டாள். நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

தென்மராட்சியில் ஒரு சங்கம் இருக்கிறது. சிறுநீரகம் பழுதானவர்களை டயாலிசிஸ் செய்ய யாழ்ப்பாணத்துக்கு வான் வண்டியில் ஏற்றிப் போய்த் திரும்பக் கொண்டுவந்து விடுகிற சங்கம். வெளிநாட்டிலிருக்கும் ஊர்க்காரர்கள் வானை வாங்கிக் கொடுத்தார்கள். எமில்ராஜ் என்ற சாரதி அதை ஓட்டுகிறார். செயலாளர் பிரகலாதன், அரசாங்க உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றவர். சில நாட்களில் நோயாளிகள் உறவினருடைய வாகனத்தில் போய்விடுவார்கள். ஆகவே வான் வேண்டுமானால் முதல் நாள் பின்னேரத்துக்குள் இணையத்தில் பதிய வேண்டும். பதிந்தவர்களுடைய வாசலுக்கு மட்டும் வான் வரும். அந்தப் படிவத்தை ஆரபி காசு வாங்காமல் செய்து கொடுத்தாள்.

செய்யும்போதே செயலாளரோடு முட்டிக்கொண்டாள். அவர் 'தங்கள் விண்ணப்பம் வெற்றிகரமாகச் சமர்ப்பிக்கப்பட்டது' என்று எழுதிக் கொண்டுவந்தார். தமிழ் அவருக்கு வேட்டி மாதிரி, மடிப்புக் கலையக் கூடாது. ஆரபி அதை வாசித்துவிட்டு, "வெற்றி எண்டு இப்பவே ஏன் ஐயா சொல்லுவான்? வான் வாசலுக்கு வரட்டும்," என்றாள். கடைசியில் பொத்தானில் 'அனுப்பு' என்றும், அழுத்தியதும் சுற்றுகிற வட்டத்துக்குக் கீழே 'கொஞ்சம் பொறுங்கோ' என்றும், பதிவு போய்ச் சேர்ந்தபின் 'நன்றி' என்றும் வந்தன. செயலாளர் மனவருத்தத்தோடு ஒப்புக்கொண்டார்.

சிக்கல் அந்த வட்டத்தால் வந்தது. கொடிகாமம் சந்தியில் நின்றால் வட்டம் ஒரு சுற்றில் நின்றுவிடும். உள்ளே வரணிப் பக்கம் போகப் போக சிக்னல் மெலிந்து, வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். பின்னேரமானால் செயலாளருக்கு அழைப்புக்கு மேல் அழைப்பு. தம்பி, சுத்திக்கொண்டு நிக்குது, என்ன செய்ய? தம்பி, பொறுக்கச் சொல்லுது, எவ்வளவு நேரம் பொறுக்க? மனிதருக்குத் தேநீர் குடிக்க நேரமில்லை. வெளிநாட்டிலிருந்து வானுக்கு உதவியவர்களும், இந்தக் காலத்தில் ஏன் இவ்வளவு மெதுவான படிவம் என்று கேட்டு எழுதினார்கள். எப்படியும் பின்னணியில் போகத்தானே போகிறது, நன்றியை முன்னுக்குக் காட்டினால் என்ன என்று செயலாளர் கெஞ்சினார். பெரிய பெரிய நிறுவனங்களெல்லாம் அப்படித்தான் செய்கின்றன. ஆரபி தன் சட்டத்தைத் தளர்த்தினாள். அதன்பிறகு அழுத்திய உடனேயே நன்றி வந்தது. ஓடுகிற ஆள் அதற்குப் பிறகுதான் பின்கதவைத் திறந்தான். அழைப்புகள் நின்றன. எல்லோருக்கும் சந்தோசம்.

வரணிப் பக்கத்து ஒழுங்கையொன்றில் இரத்தினம்மா இருக்கிறார். வானில் போகிறவர்களில் மூத்தவர். மகன் கதிரவேலு தோட்டக்காரர், கத்தரியும் பயிற்றையும் போட்டுக் கொடிகாமம் சந்தைக்குக் கொடுக்கிறவர். தாய்க்கும் மகனுக்கும் வேறு ஆட்களில்லை. ஒருநாள் காலமை இரத்தினம்மா வெளிக்கிட்டு, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு வாசலில் காத்திருந்தார். வான் வரவில்லை. வெயில் ஏறியது. கதிரவேலு சந்தையிலிருந்து வந்து பார்த்தபோது தாய் அதே கதிரையில் அதே கைப்பையோடு இருந்தார். செயலாளருக்கு அழைத்தால், உங்கள் பெயர் பதியப்படவில்லை என்றார். அடுத்த நாள் மத்தியானம் தாய்க்குக் கால் முகமெல்லாம் வீங்கி மூச்சு இழுக்கத் தொடங்க, ஓட்டோவில் தூக்கிப்போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். நல்ல காலம், தப்பிவிட்டார்.

வீட்டுக்கு வந்தபின் இரத்தினம்மா மகனோடு கதைப்பதை நிறுத்தினார். கதிரவேலு, அமத்தினனான் அம்மா, நன்றியும் வந்தது என்று சொல்லிச் சொல்லிப் பார்த்தார். சந்தைக்குக் கத்தரிக்காய் கட்டுகிற அவதியில் தன்னை மறந்துவிட்டு இப்போது பொய்யும் சொல்கிறான் என்று தாய் முடிவு கட்டிவிட்டார். செயலாளரிடமிருந்தும், தாங்கள் பதிவு செய்யத் தவறியுள்ளீர்கள் என்று மடிப்புக் கலையாத தமிழில் ஒரு செய்தி வந்திருந்தது. அதை அயலில் யாரோ உரத்து வாசித்தார்கள். அதற்குப் பிறகு கதிரவேலுவை நம்ப ஒருவருமில்லை. தாய் அயலவர்களிடம், தான் இனி ஒருவருக்கும் கரைச்சலாக இருக்கப் போவதில்லை, டயாலிசிசுக்கும் போகப் போவதில்லை என்று சொல்லிவிட்டார். சொன்னால் சொன்னபடி நிற்கிற மனுசி என்பது ஊருக்குத் தெரியும். அடுத்த முறைக்கு இருந்தது இரண்டு மூன்று நாள்தான்.

இந்தச் செய்தி ஆரபிக்கு வந்தபோது நான் பக்கத்தில் இருந்தேன். அவளைப் பற்றி எழுதுவதாகச் சொல்லி அவளுடைய முன்னறையில் குந்தியிருந்த நாட்கள் அவை. செயலாளர் போனில் ஆறுதலாகப் பேசினார். பாவம், தோட்டக்காரன், வேலை நெருக்கத்தில் மறந்திருப்பான், தாய்க்குப் பயந்து இப்படிச் சொல்கிறான், நீங்கள் கவலைப்பட வேண்டாம் என்றார். கணினியிலும் அன்றைய பதிவுகளில் இரத்தினம்மாவின் பெயர் இல்லை. யாராக இருந்தாலும் அத்தோடு விட்டிருப்பார்கள். நானும் விட்டிருப்பேன். ஆரபி விடவில்லை.

"ஐயா, அந்தாள் நன்றியைக் கண்டதெண்டு சொல்லுது. அமத்தாமல் நன்றி வராது," என்றாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்: "அந்த நன்றியை அதிலை போட்டது நான்."

போனை வைத்துவிட்டு ஸ்கூட்டியை எடுத்தாள். நான் பின்னால் ஏறினேன். ஏ-9 வீதியில் அவள் ஓட்டிய ஓட்டத்தைப் பற்றி எழுதினால் அவளுடைய தகப்பனார் வாசித்துவிடுவார் என்பதால் விடுகிறேன். கொடிகாமத்தில் இறங்கி ஒரு சோடா குடிப்போம் என்றதற்கும் அவள் நிறுத்தவில்லை.

கதிரவேலு கிணற்றடியில் மருந்து தெளிக்கிற தாங்கியைக் கழுவிக்கொண்டு நின்றார். நாங்கள் யாரென்று சொன்னதும் அவருடைய முகம் இறுகிப்போனது. குற்றம் சாட்ட வந்திருக்கிறோம் என்று நினைத்துவிட்டார் போல. அவரிடம் ஆரபி ஒரு கேள்வியும் கேட்கவில்லை. ஏன் பதியவில்லை என்றும் கேட்கவில்லை, எத்தனை மணிக்குப் பதிந்தீர்கள் என்றும் கேட்கவில்லை. "அண்ணை, நீங்கள் வழமையா எப்பிடிச் செய்யிறனீங்களோ அப்பிடியே ஒருக்காச் செய்து காட்டுங்கோ. நான் பாத்துக்கொண்டு நிக்கிறன்," என்றாள்.

அவர் கையை இடுப்பிலிருந்த சாரத்தில் துடைத்தார். போனை எடுத்தார். டேட்டாவைப் போட்டார். படிவத்தைத் திறந்து தாயின் பெயரையும் ஊரையும் ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினார். 'அனுப்பு' என்ற பொத்தானை அழுத்தினார். நன்றி வந்தது. நன்றி வந்ததுதான் தாமதம், அதே விரல் திரையின் மேல்விளிம்புக்கு ஏறி, கீழே இழுத்து, டேட்டாவை நிறுத்தியது. கண்ணிமைக்கிற நேரம். அவருக்கே அது தெரிந்திருக்குமோ என்னவோ, அப்படி ஒரு பழகிய விரல். போன் மடியில் சொருகப்பட்டுவிட்டது.

தென்மராட்சிச் சனத்தின் வழக்கம் இது. ஊர் முழுக்க இப்படித்தான். காசு கட்டிக் காட் போட்டு எடுத்த டேட்டாவைச் சும்மா திறந்து வைத்தால் போன் தன்பாட்டில் தின்றுவிடும் என்று, வேலைக்குப் போட்டு வேலை முடிந்ததும் நிறுத்துவார்கள். கிணற்று மோட்டரை எப்படி வீணாக ஓட விடமாட்டார்களோ அப்படி. கொக்குவிலில் வைஃபையோடு இருக்கும் ஆரபிக்கு அந்தப் பழக்கமே கிடையாது. முன்பு வட்டம் சுற்றிய நாட்களில் கதிரவேலு நன்றி வரும்வரை பொறுத்திருந்து நிறுத்தினார். அதற்குள் பதிவு போய்ச் சேர்ந்திருக்கும். நன்றியை முன்னுக்குப் போட்டதும் அவருடைய விரலும் முன்னுக்கு வந்துவிட்டது. சிக்னல் நன்றாயிருந்த நாளில் ஓடுகிறவன் முந்திக்கொண்டான். சிக்னல் மெலிந்த அன்று பின்கதவிலேயே அவனுக்கு வழி அடைபட்டுவிட்டது.

ஆரபி கிணற்றுக் கட்டில் இருந்துவிட்டாள். "எல்லாற்றை விரலையும் பாத்தனான் அக்கா," என்று என்னிடம் சொன்னாள். "அமத்துறதைத்தான் பாத்தனான். அமத்தினாப்போலை அந்த விரல் எங்கை போகுதெண்டு பாக்கேல்லை." பிறகு கதிரவேலுவைப் பார்த்து, பிழை முழுக்கத் தன்னுடையது, நீங்கள் பதிந்தீர்கள் என்று சொன்னாள். அந்த மனிதர் அதைக் கேட்டார். தாங்கியை மறுபடி கழுவத் தொடங்கினார். கழுவிய தாங்கி அது. பிறகு, "எனக்குச் சொல்லி என்ன பிள்ளை, உள்ளுக்கை அம்மாவுக்கெல்லோ சொல்லவேணும்," என்றார்.

உள்ளே போய்ச் சொன்னோம். இரத்தினம்மா மரியாதையாகக் கேட்டார். மகனைக் காப்பாற்ற நல்ல மனதோடு வந்திருக்கிறீர்கள் என்றார். அவ்வளவுதான். சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

அடுத்த நாள் பின்னேரம்வரை ஆரபியின் முன்னறைக்குள் போக எனக்குத் துணிவு வரவில்லை. சன்னலால் பார்த்தேன். பிஸ்கற் பெட்டியிலிருந்த போன்களெல்லாம் மேசையில் வரிசையாகக் கிடந்தன. ஒவ்வொன்றிலும் அழுத்துவதும் உடனே டேட்டாவை நிறுத்துவதுமாக இருந்தாள். இப்போது அவள் கதிரவேலுவாக இருந்தாள். தட்டால் மூடி வைத்த மத்தியானச் சாப்பாடு மூடினபடியே இருந்தது.

பின்னேரம் எனக்கு விளங்கும்படி சொன்னாள். பதிவு போய்ச் சேர்ந்ததென்று மறுபக்கம் சொல்லாமல் இனி நன்றி வராது. இணைப்பு அறுந்தால் எழுதியது போனுக்குள்ளேயே பத்திரமாக இருக்கும். டேட்டா வந்தவுடன், யாரும் எதையும் அழுத்தாமல், தானாகப் புறப்படும். பக்கத்தை மூடிவிட்டாலும் அடுத்த முறை திறக்கும்போது புறப்படும். இரண்டு தரம் போனாலும் மறுபக்கத்தில் ஒன்றாகத்தான் பதியும். இதைவிட இன்னொன்றும் செய்தாள். அதில் ஜாவாஸ்கிரிப்ட் கிடையாது. வழக்கமாக வருகிற ஒருவரின் பெயர் பின்னேரத்துக்குள் வராவிட்டால் எமில்ராஜ் ஒரு போன் எடுத்துக் கேட்கவேண்டும் என்று அவரிடம் சொல்லி ஒப்புக்கொள்ள வைத்தாள். நாலு பேருக்கு மேல் இராது, கேட்பதில் தனக்கென்ன குறை என்றார் எமில்ராஜ்.

செயலாளர் பிரகலாதன் மறுபடி அழைப்புகள் குவியும் என்று பயந்தார். இந்த முறை ஆரபி இறங்கவில்லை. சங்கத்தின் பெயரில் கதிரவேலுவுக்கு அனுப்பிய செய்தியைத் திருப்பி எடுக்க வேண்டும் என்றும் கேட்டாள். அவர் நல்ல மனிதர்தான். தவறு எங்கள் படிவத்தினுடையது, வருந்துகிறோம் என்று அன்றே எழுதி அனுப்பினார். 'வருந்துகிறோம்' என்பதற்குப் பக்கத்தில் முதன்முறையாக ஒரு பெரிய சொல்லும் இல்லை.

அந்தச் செய்தியையும் இரத்தினம்மா நம்பவில்லை. படித்தவர்கள் சேர்ந்து எழுதிக் கொடுத்திருக்கிறார்கள் என்றாராம். டயாலிசிசுக்கு முதல் நாள் பின்னேரம் மறுபடி வரணிக்குப் போனோம். இரத்தினம்மா விறாந்தையில் கதிரையில் இருந்தார். முகம் வீங்கி அதைத்திருந்தது. மகன் வைத்த தேநீர் பக்கத்தில் ஆடை படிந்து கிடந்தது. நாங்கள் வந்தது அவருக்குப் பிடிக்கவில்லை என்பது தெரிந்தது.

ஆரபி அவருடைய காலடியில் சீமெந்து நிலத்தில் இருந்துகொண்டாள். இதுவரை சொன்னதை மறுபடி சொல்லவில்லை. அன்றைக்கு நடந்ததைக் காட்டப் போகிறேன், பார்த்தால் போதும் என்றாள்.

"எனக்கு உந்தப் போனொண்டும் விளங்காது பிள்ளை."

"போனைப் பாக்க வேண்டாம் அம்மா. கையைப் பாருங்கோ."

கதிரவேலு வந்து நின்றார். டேட்டாவைப் போட்டு, பெயரையும் ஊரையும் தட்டினார். தாய் முதலில் வேறு பக்கம் பார்த்தார். பிறகு மெல்லத் திரும்பினார். அந்தக் கை காய்த்துக் கறுத்த தோட்டக்காரக் கை. பொத்தானை அழுத்தியது. ஆரபி ஒன்றும் சொல்லிக் கொடுக்காமலே, வட்டம் சுற்றத் தொடங்கியவுடனேயே, விரல் மேலே ஏறி டேட்டாவை நிறுத்திவிட்டது. தான் என்ன செய்தோம் என்று கதிரவேலு உணர்ந்து திகைத்து நின்றார். ஆரபி போனை வாங்கித் தாயின் மடியில் வைத்தாள். திரையில் பெரிய எழுத்தில் இரண்டு வரி. இரத்தினம்மா கண்ணை இடுக்கிக்கொண்டு வாய்விட்டு வாசித்தார்: "இன்னும் எங்களிட்டை வரேல்லை. டேட்டாவைப் போடுங்கோ, பாத்துக்கொண்டிருக்கிறம்."

அவர் அதை இரண்டாம் தரம் சத்தமில்லாமல் வாசித்தார்.

"அண்டைக்கும் உப்பிடித்தானோ?"

"அண்டைக்கும் உந்தக் கைதான் அம்மா," என்றாள் ஆரபி. "அவர் மறக்கேல்லை. அமத்தினவர். உந்த இடத்திலை அண்டைக்கு நான் நன்றி எண்டு போட்டிருந்தனான். பொய் சொன்னது நான்தான்."

முற்றத்தில் கோழி ஒன்று கிளறிக்கொண்டு நின்றது. நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன், வேறெங்கும் பார்க்க முடியவில்லை. இரத்தினம்மா போனை மடியிலிருந்து எடுத்து மகனிடம் நீட்டினார். "டேட்டாவைப் போடு," என்றார். அத்தனை நாட்களுக்குப் பிறகு மகனோடு அவர் கதைத்த முதல் சொல் அதுதான்.

கதிரவேலு போட்டார். யாரும் எதையும் அழுத்தவில்லை. சிக்னல் மெலிவுதான், வட்டம் சுற்றியது, சுற்றியது, இன்னும் சுற்றியது. பிறகு வரி மாறியது: 'வந்திட்டுது. காலமை எமில்ராஜ் வருவார்.' தாயும் மகனும் தலையோடு தலை முட்ட அதை வாசித்தார்கள். வாசித்து முடிந்ததும் கதிரவேலுவின் விரல் தன்பாட்டில் மறுபடி மேல்விளிம்புக்குப் புறப்பட்டது.

ஊசி ஏறி ஏறித் தடித்த தன் கையால் இரத்தினம்மா அந்த விரலை எட்டிப் பிடித்துக்கொண்டார்.

"கிடக்கட்டும் மோனை. காலமை வான் வருமட்டும் கிடக்கட்டும்."

"டேட்டா முடிஞ்சிடும் அம்மா."

"முடியட்டும்," என்றார். விரலை விடவில்லை.

எதற்கும் ஒரு பேச்சு வைத்திருக்கிற ஆரபி என்ன சொல்லப் போகிறாள் என்று திரும்பிப் பார்த்தேன். அவள் எழுந்து நின்று, விறாந்தையை விட்டு இறங்குமுன்பே ஹெல்மெட்டைத் தலையில் கவிழ்த்து, முன்கண்ணாடியைக் கீழே இழுத்து மூடிக்கொண்டிருந்தாள்.